நார்த்ஃபீல்டின் ஏழு நிமிடங்கள்: ஊர் கதவைச் சாத்தாத ஒரு நாள்

கௌபாய் படங்களில் ஊர் என்றால் ஒரே தெரு. கொள்ளையர் குதிரையில் வந்து இறங்கியதும் அந்தத் தெருவில் என்ன நடக்கும் என்பது நமக்கு மனப்பாடம். அம்மா ஓடிவந்து பிள்ளையை உள்ளே இழுத்துக்கொள்வாள். சவரக்கடைக் கதவு சாத்தப்படும். மதுக்கடைக்காரர் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய கண்ணாடியைக் கழற்றி மறைப்பார். மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். கடைசியில் தெருவில் மிஞ்சுவது புழுதியும் ஒற்றை ஷெரிஃபும்தான். 1952இல் வந்த 'ஹை நூன்' படத்தில் நான்கு கொலைகாரர்களை எதிர்க்க ஊரில் ஒருவரும் துணைக்கு வராமல் கேரி கூப்பர் தனியாக நடந்து போவாரே, அந்தக் காட்சி இந்த வகைப் படங்களுக்கே முத்திரையாக நின்றுவிட்டது.

சிறு வயது முதல் இந்தப் படங்களை விரும்பிப் பார்த்து வந்தவன் நான். அதனாலேயே மினசோட்டா மாநிலத்தின் நார்த்ஃபீல்ட் ஊரில் 1876 செப்டம்பர் 7ஆம் தேதி பிற்பகல் நடந்ததை முதன்முதலாகப் படித்தபோது, இத்தனை நாள் தவறான கதையை நம்பிவிட்டோமே என்ற எண்ணம் வந்தது. அன்று அந்த ஊரில் ஜன்னல்கள் திறந்தன. இரும்புக்கடைக்காரர் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த துப்பாக்கிகளை எடுத்து வழியில் போனவர்களிடம் நீட்டினார். துப்பாக்கி கிடைக்காதவர்கள் கல்லை எடுத்தார்கள். அமெரிக்காவின் பெயர்பெற்ற கொள்ளைக்கூட்டம் ஏழே நிமிடத்தில் உடைந்து போனது.

இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் ஜெஸ்ஸி ஜேம்ஸிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் அவர்கள் கொள்ளையடிக்க வந்த வங்கிக்குள் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து தொடங்குகிறேன்.

காசாளர் ஊரில் இல்லை

ஜோசப் லீ ஹேவுட் அந்த வங்கியின் நிரந்தரக் காசாளர் அல்ல. அவர் கணக்குப் பிள்ளை. 1876 அமெரிக்க விடுதலையின் நூறாம் ஆண்டு என்பதால் பிலடெல்பியாவில் பெரிய கண்காட்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. காசாளர் பிலிப்ஸ் அதைப் பார்க்கப் போய்விட, பொறுப்பு ஹேவுட்டின் கைக்கு வந்தது. வயது முப்பத்தொன்பது. வட, தென் மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சிப்பாயாக இருந்தவர். ஊரிலிருந்த கார்ல்டன் கல்லூரியின் பொருளாளரும் அவரே. மனைவியும், இறந்துபோன முதல் மனைவிக்குப் பிறந்த சின்னப் பெண்ணும் வீட்டில் இருந்தார்கள்.

சம்பவத்துக்குச் சில நாட்களுக்கு முன் கார்ல்டன் கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் ஸ்ட்ராங் அவரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சு எப்படியோ வங்கிக் கொள்ளைகள் பக்கம் திரும்பியது. அப்படி ஒரு நிலை வந்தால் பெட்டகத்தைத் திறந்து கொடுப்பீர்களா என்று ஸ்ட்ராங் கேட்க, திறக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன் என்ற பொருளில் ஹேவுட் பதில் சொன்னாராம். ஸ்ட்ராங் பின்னாளில் நினைவுகூர்ந்து சொன்னது இது. பெரிய சபதமெல்லாம் இல்லை, 'என்றுதான் நினைக்கிறேன்' என்கிற அளவில் நின்ற பேச்சு.

வங்கி இருந்தது டிவிஷன் தெருவில், ஸ்க்ரைவர் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். கட்டடத்தின் இன்னொரு பக்கம் பாலச் சதுக்கம் என்ற திறந்தவெளி. அதைத் தாண்டினால் கேனன் ஆறும் இரும்புப் பாலமும். வங்கியிலிருந்து மூலை திரும்பினால் சதுக்கத்தைப் பார்த்தபடி ஜே. எஸ். ஆலனின் இரும்புக்கடை, அதையடுத்து அன்செல்ம் மேனிங்கின் இரும்புக்கடை. வங்கிக்கு எதிர்ப்புறம் டாம்பியர் ஹவுஸ் என்ற தங்கும் விடுதி. இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததில் பாதியைத் தீர்மானித்தது இதுதான். அந்தக் காலத்து அமெரிக்கச் சிற்றூரில் இரும்புக்கடை என்பது ஆணி, சங்கிலி, கலப்பைக் கொழுவோடு துப்பாக்கியும் தோட்டாவும் விற்ற இடம். அப்படிப்பட்ட இரண்டு கடைகளை அடுத்த மூலையில் வைத்துக்கொண்டிருந்த வங்கியைத் தேர்ந்தெடுத்ததே கொள்ளையர் செய்த முதல் பிழை.

எட்டுப் பேர்

ஜெஸ்ஸி ஜேம்ஸ், அவன் அண்ணன் ஃபிராங்க். கோல், ஜிம், பாப் என்ற யங்கர் சகோதரர்கள் மூவர். இவர்களோடு க்ளெல் மில்லர், சார்லி பிட்ஸ், பில் சாட்வெல். இவர்களில் பலர் மிசௌரியில் உள்நாட்டுப் போரின்போது தெற்குத் தரப்புக்காகக் காடுகளில் ஒளிந்திருந்து சண்டையிட்ட கெரில்லாக் கூட்டங்களில் வளர்ந்தவர்கள். போர் 1865இல் முடிந்தது. இவர்கள் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. வங்கி, ரயில், அஞ்சல் வண்டி என்று பத்தாண்டு கொள்ளையடித்தார்கள். 1869இல் மிசௌரியின் காலட்டின் ஊரில் ஜான் ஷீட்ஸ் என்ற வங்கிக் காசாளரை, போர்க்காலப் பகைவர் ஒருவர் என்று தவறாக எண்ணிச் சுட்டுக் கொன்றார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மிசௌரியில் இவர்களுக்குச் செல்வாக்கு இருந்தது. கான்சாஸ் சிட்டியில் ஜான் நியூமன் எட்வர்ட்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர், முன்னாள் தெற்குப் படை அதிகாரி, இவர்களை வீரர்களாகவும் ஏழைப் பங்காளர்களாகவும் சித்திரித்து எழுதித் தள்ளினார். கொள்ளையடித்த பணத்தை ஜெஸ்ஸி ஜேம்ஸ் ஏழைகளுக்குக் கொடுத்ததற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. ஆனால் தோற்ற தரப்பின் மனக்காயத்துக்கு அந்தக் கதை மருந்தாக இருந்தது. உறவினர், பழைய தோழர், அனுதாபி என்று ஒளிந்துகொள்ள மிசௌரியில் எங்கும் ஒரு வீடு கிடைத்தது.

பிறகு எதற்காக இத்தனை தூரம் வடக்கே மினசோட்டாவுக்குப் போனார்கள்? 1876 ஜூலையில் மிசௌரியின் ஆட்டர்வில் அருகே ரயிலைக் கொள்ளையடித்தபோது கூட்டத்தில் இருந்த புதியவன் ஒருவன் பிடிபட்டு, எல்லார் பெயரையும் சொல்லிவிட்டான். சொந்த மண் சூடாகிவிட்டது. சாட்வெல்லுக்கு மினசோட்டா தெரியும், அவன் வழிகாட்டுவான் என்ற நம்பிக்கையும் இருந்தது. இது ஒரு காரணம். கோல் யங்கர் பின்னாளில் வேறொரு காரணம் சொன்னான். அடெல்பர்ட் ஏம்ஸ் என்பவர் வடக்குப் படைத் தளபதியாக இருந்து, போருக்குப் பிறகு மிசிசிப்பியின் ஆளுநராக ஆனவர். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கு ஆதரவாக நின்றதால் தெற்கத்தி வெள்ளையருக்கு அவர்மீது தீராத வன்மம். 1876 மார்ச்சில் பதவி விலகியிருந்தார். அவருடைய தந்தைக்கும் சகோதரருக்கும் நார்த்ஃபீல்டில் மாவு ஆலை இருந்தது, குடும்பத்துக்கு வங்கியிலும் பங்கு உண்டு. ஏம்ஸும் அவருடைய மாமனார் பெஞ்சமின் பட்லரும் போட்ட பணம் அங்கே கிடக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் அந்த வங்கியைக் குறிவைத்தோம் என்றான் கோல்.

அரசியல் வன்மம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் இதைக் கோல் யங்கர் சொன்னது பிடிபட்ட பிறகு. ஊரார் சேமிப்பைத் திருட வந்தோம் என்பதைவிட எதிரித் தளபதியின் பணத்தை எடுக்க வந்தோம் என்பது கேட்க நன்றாக இருக்கும். நார்த்ஃபீல்ட் வங்கியில் இருந்தது மாவு ஆலைக்காரர்களின் பணம் மட்டும் அல்ல. கோதுமை விற்ற விவசாயியின் பணம், கடைக்காரரின் பணம், கல்லூரியின் பணம் எல்லாம் அதற்குள்தான். வங்கி வைப்புக்கு அரசு காப்பீடு என்பது அமெரிக்காவில் 1933க்குப் பிறகு வந்த ஏற்பாடு. 1876இல் வங்கி கொள்ளை போனால் போட்டவர்களின் பணம் போனதுதான். அன்று தெருவில் இருந்தவர்கள் ஏன் ஒதுங்கிப் போகவில்லை என்ற கேள்விக்கு, வீரம் என்ற பெரிய சொல்லுக்கு முன்னால் இந்தச் சாதாரணக் காரணத்தையும் வைக்க வேண்டும்.

உள்ளே

காலையிலேயே ஊருக்குள் அந்நியர்கள் நடமாடியதைச் சிலர் கவனித்திருந்தார்கள். நீளமான லினன் மேலங்கி, விவசாயிகளிடம் பார்க்க முடியாத உயர்ரகக் குதிரைகள், நல்ல சேணங்கள். அவர்களில் சிலர் ஆற்றின் மேற்குக் கரையில் ஒரு உணவகத்தில் பன்றிக் கறியும் முட்டையும் சாப்பிட்டார்கள். கொஞ்சம் மதுவும் உள்ளே போயிருந்தது. உள்ளே நுழைந்த மூவரும் குடித்திருந்ததால்தான் காரியம் கெட்டது என்று கோல் கடைசிவரை அங்கலாய்த்தான்.

திட்டம் எளிமையானது. மூவர் வங்கிக்குள். இருவர் வாசலில். மூவர் பாலத்தருகே, திரும்பும் வழியைக் காக்க. பிற்பகல் இரண்டு மணிவாக்கில் பாப் யங்கர், சார்லி பிட்ஸ், ஜேம்ஸ் சகோதரர்களில் ஒருவன் ஆக மூவர் உள்ளே போய், துப்பாக்கியை நீட்டி, மேசையைத் தாண்டிக் குதித்தார்கள். அங்கே ஹேவுட்டோடு இருந்தவர்கள் பணம் எண்ணும் அலோன்சோ பங்கரும் உதவிக் கணக்கர் ஃபிராங்க் வில்காக்ஸும்.

"யார் காசாளர்?"

மூன்று பேரும் இல்லை என்றார்கள். ஹேவுட் காசாளரின் மேசையில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு அவரிடம் போய்ப் பெட்டகத்தைத் திறக்கச் சொன்னார்கள். நேரப் பூட்டு போட்டிருக்கிறது, இப்போது திறக்க முடியாது என்றார் ஹேவுட்.

பெட்டக அறையின் வெளிக்கதவு திறந்தே இருந்தது. உள்ளே இரும்புப் பெட்டி. பிட்ஸ் அறைக்குள் எட்டிப் பார்க்கப் போனான். ஹேவுட் பாய்ந்து அந்தக் கனமான கதவை அவன்மேல் சாத்தப் பார்த்தார். இழுத்துத் தள்ளினார்கள். துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடித்தார்கள். கழுத்தில் கத்தியை வைத்துக் கீறினார்கள். அவர் காதருகே மிரட்டலுக்கு ஒரு குண்டு சுட்டார்கள். ரத்தம் வடிய, தலை சுற்ற, திறக்க முடியாது என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த இரும்புப் பெட்டி பூட்டப்பட்டிருக்கவில்லை. கதவு மூடி, தாழ் இறங்கியிருந்தது. ஆனால் எண் பூட்டின் வட்டைச் சுழற்றிவிடவில்லை. கைப்பிடியைத் திருப்பியிருந்தால் திறந்திருக்கும். உள்ளே சுமார் 15,000 டாலர். கொள்ளைத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட மூவரில் ஒருவனும் அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு கணக்குப் பிள்ளையின் வார்த்தையை நம்பினார்கள்.

இதைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் நான் இங்கே நின்றுவிடுவேன். ஹேவுட்டுக்கு அந்தப் பெட்டி பூட்டாமல் இருப்பது தெரிந்தே இருந்திருக்க வேண்டும். வங்கியை நடத்தியவர் அவர். அப்படியென்றால் அத்தனை அடிக்கும் கத்திக்கும் நடுவில் அவர் காத்தது பூட்டை அல்ல. வெறும் ஒரு பொய்யைக் காத்தார். கண் அந்தப் பக்கம் போனால் காட்டிக் கொடுத்துவிடும். அவர் காட்டிக் கொடுக்கவில்லை.

குழப்பத்தில் பங்கர் பின்வாசல் வழியாக ஓடினார். பிட்ஸ் துரத்திச் சுட்டதில் தோளில் குண்டு பாய்ந்தது, ஆனாலும் தப்பினார். பாப் யங்கர் மேசை இழுப்பறைகளைத் துழாவிக் கிடைத்ததை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டான். வெளியே வெடிச்சத்தம் கூடிக்கொண்டே போனது. வெளியேறுங்கள் என்று தெருவிலிருந்து கோல் கத்தினான். கடைசியாக வெளியேறியவன் திரும்பி, தள்ளாடி நின்ற ஹேவுட்டின் தலையில் சுட்டுவிட்டுப் போனான். அந்தக் கொலையால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. வேலை முடிந்திருந்தது, வழி திறந்திருந்தது. கோபத்துக்காகச் செய்த கொலை அது.

அவர்கள் எடுத்துப் போனது இருபத்தாறு டாலரும் சில்லறையும்.

வெளியே

இனி தெருவுக்கு வருவோம். மூவர் உள்ளே போனதும் வாசலில் நின்ற க்ளெல் மில்லர் கதவைச் சாத்தினான். இரும்புக்கடை ஆலனுக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. பட்டப்பகலில் வங்கிக் கதவு எதற்குச் சாத்த வேண்டும்? எட்டிப் பார்க்கப் போனவரின் சட்டைக் காலரை மில்லர் பிடித்து, வாயைத் திறந்தால் சுட்டுவிடுவேன் என்றான். ஆலன் உதறிக்கொண்டு மூலை திரும்பி ஓடினார்.

"துப்பாக்கியை எடுங்கப்பா! வங்கியைக் கொள்ளையடிக்கிறாங்க!"

எதிர்ப்புறம், தந்தையின் மருந்துக்கடை வாசலில் விடுமுறைக்கு வந்த மருத்துவ மாணவர் ஹென்றி வீலர் உட்கார்ந்திருந்தார். அவரும் கூச்சல் போட்டார். வாசலில் நின்ற இருவரும் குதிரையேறி, எல்லாரும் உள்ளே போங்கள் என்று கத்திக்கொண்டே வானத்தை நோக்கிச் சுட்டார்கள். பாலத்தருகே நின்ற மூவரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். மிசௌரியில் இந்தச் சத்தம் போதும், தெரு காலியாகிவிடும். நார்த்ஃபீல்டிலும் முதல் சில நொடிகள் காலியானது. ஓடியவர்கள் எங்கே ஓடினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

வீலர் தன் துப்பாக்கியைத் தேடி வீட்டுக்கு ஓட நினைத்து, தூரம் அதிகம் என்று டாம்பியர் ஹவுஸுக்குள் புகுந்தார். அங்கே ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி கிடைத்தது. கூடவே மூன்று நான்கு தோட்டாக்கள். மாடி ஜன்னலுக்குப் போனார். முதல் குண்டு குறி தப்பியது.

ஆலன் தன் கடையில் குண்டு நிரப்பிக் கையில் கிடைத்தவர்களிடம் எல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். எலியாஸ் ஸ்டேசிக்குக் கிடைத்தது பறவை சுடும் ரவை போட்ட துப்பாக்கி. குதிரையில் ஏறிக்கொண்டிருந்த மில்லரின் முகத்தில் அதைச் சுட்டார். ரவை ஆளைக் கொல்லாது, முகம் மட்டும் சல்லடையானது. மில்லர் எழுந்து மறுபடி குதிரை ஏறியபோது வீலரின் இரண்டாவது குண்டு அவனை வீழ்த்தியது. இன்னொருவர், ஜார்ஜ் பேட்ஸ், கையில் இருந்தது குண்டில்லாத கைத்துப்பாக்கி. அதையே நீட்டி நீட்டி மிரட்டிக்கொண்டிருந்தார். எலியாஸ் ஹாப்ஸ் போன்றோர் தெருவில் கிடந்த கற்களை எடுத்துக் குதிரைக்காரர்கள்மேல் எறிந்தார்கள். ஆறு தோட்டாக் கைத்துப்பாக்கிகளை இரண்டு மூன்றாக வைத்திருந்தவர்கள்மேல் கல்லெறிந்தார்கள்! எந்தப் படத்தில் இப்படி ஒரு காட்சியைப் பார்த்தோம்?

மேனிங் நிதானமான ஆள். கடைக்குள் போய்த் தன் ரைபிளையும் தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு கட்டட மூலைக்கு வந்தார். வங்கி வாசலில் கட்டியிருந்த குதிரைகளுக்குப் பின்னால் தலைகள் தெரிந்தன. ஆளைக் குறிவைப்பதைவிடக் குதிரையைச் சுட்டால் தப்ப முடியாது என்று அந்த நொடியில் யோசித்து, அருகில் நின்ற குதிரையைச் சுட்டார். அது பாப் யங்கரின் குதிரை. அடுத்து ரைபிளில் வெற்றுக் குப்பி சிக்கிக்கொண்டது. குண்டுகள் பறந்துகொண்டிருக்கும்போது கடைக்குத் திரும்பிப் போய், ஒரு கம்பியால் குத்தி அதை வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப வந்தார். கோல் யங்கர் காயப்பட்டான். தெருவின் தொலைவில் குதிரைமேல் அமர்ந்திருந்த சாட்வெல்லைக் குறிபார்த்துச் சுட்டார். சாட்வெல் சரிந்து விழுந்து இறந்தான். மினசோட்டாவின் வழி தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

வங்கியிலிருந்து வெளியே வந்த பாப், குதிரை செத்துக் கிடப்பதைப் பார்த்துக் கட்டடத்தின் வெளிப்புறப் படிக்கட்டுக்குக் கீழே பதுங்கினான். மூலையில் மேனிங். ஒருவர் எட்டிப் பார்க்க மற்றவர் சுட என்று சிறிது நேரம் கண்ணாமூச்சி நடந்தது. மேலே ஜன்னலில் இருந்த வீலருக்கு பாப்பின் கை தெரிந்தது. குண்டு முழங்கையை நொறுக்கியது. பாப் துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஓடினான். கோல், தானும் காயப்பட்ட நிலையில், குதிரையைத் திருப்பி வந்து தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். கொள்ளையன் என்றாலும் அந்த ஒரு செயலை என்னால் மதிக்காமல் இருக்க முடியவில்லை.

நிக்கோலஸ் குஸ்தாஃப்சன் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் அப்போது தெருவில் இருந்தார். அமெரிக்கா வந்து அதிக நாள் ஆகவில்லை, ஆங்கிலம் தெரியாது. உள்ளே போ என்று கத்தியது அவருக்குப் புரியவில்லை. தலையில் சுட்டார்கள். நான்கு நாள் கிடந்து செப்டம்பர் 11ஆம் தேதி இறந்தார். ஊர் சார்பில் உயிர் போனது அவரும் ஹேவுட்டும். கொள்ளையரில் இருவர் தெருவிலேயே கிடந்தார்கள். மிச்சம் ஆறு பேரில் பலர் ரத்தம் ஒழுக, ஆளுக்கொரு குதிரைகூட இல்லாமல் தெற்கே டண்டாஸ் நோக்கிப் பறந்தார்கள்.

ஏன் இங்கே முடிந்தது

இந்தக் கேள்விக்குத் துப்பாக்கித் திறமை என்று பதில் சொல்ல முடியாது. திறமை கொள்ளையர் பக்கம்தான் இருந்தது. மண்ணைப் பார்க்க வேண்டும். மிசௌரியில் ஊரே இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரன் எந்தத் தரப்பு என்று தெரியாமல் எவனும் வாயைத் திறக்கமாட்டான். நார்த்ஃபீல்ட் 1855இல் தொடங்கிய ஊர். நியூ இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள், ஸ்வீடன், நார்வே, ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். போரில் மாநிலமே ஒரே தரப்பு. இங்கே ஜெஸ்ஸி ஜேம்ஸுக்கு ஒரு மாமன் மச்சான் கிடையாது. தோற்ற தரப்பின் வீரன் என்ற கதைக்கு ஒரு வாசகனும் கிடையாது. அந்தக் கதை எல்லை தாண்டியவுடன் மிஞ்சியது குதிரை ஏறிய திருடர் எட்டுப் பேர்தான்.

ஏறக்குறைய இதே கதை 1892 அக்டோபர் 5ஆம் தேதி கான்சாஸின் காஃபிவில் ஊரிலும் நடந்தது. காமிக்ஸ்களில் கேலிச் சித்திரமாக நாம் பார்த்துச் சிரித்த டால்டன் சகோதரர்களின் நிஜ முடிவு அது. ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளை அடிக்கப் போனார்கள். அங்கேயும் சார்லஸ் பால் என்ற வங்கிக்காரர் நேரப் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று பொய் சொல்லி நிமிடங்களைக் கடத்தினார். அங்கேயும் இரும்புக்கடைத் துப்பாக்கிகள்தான் ஊருக்குக் கிடைத்தன. கொள்ளையரில் நால்வரும் ஊராரில் நால்வரும் இறந்தார்கள்.

சேற்றில் இரண்டு வாரம்

தந்தி பறந்தது. ஆயிரம் பேர் அளவுக்குத் தேடுதல் படை திரண்டதாகக் கணக்கு. விடாத மழை. காடும் சதுப்பும் ஏரியுமான நிலத்தில் வழிகாட்டி இல்லாமல் ஆறு பேரும் வட்டமடித்தார்கள். குதிரைகளை விட்டுவிட்டு நடந்தார்கள். மான்கேட்டோ அருகே ஒரு பண்ணையாளைப் பிடித்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். அவர் போனதும் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஜேம்ஸ் சகோதரர்கள் தனியே பிரிந்து மேற்கே தப்பினார்கள். யங்கர்கள் மூவரும் பிட்ஸும் தங்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 21, மடேலியா ஊருக்கு அருகே ஒரு நார்வேக் குடும்பத்தின் பண்ணை. பையன் பெயர் ஆஸ்லே ஆஸ்கர் சோர்பெல், வயது பதினேழு. காலையில் மாடு கறக்கும் நேரத்தில் இரண்டு அந்நியர்கள் அந்த வழியாகப் போனார்கள். இவர்கள்தான் அவர்கள் என்று பையனுக்குப் பட்டது. அப்பா நம்பவில்லை, வேலையைப் பார் என்றார். பிறகு இன்னும் சிலர் சாப்பாடு கேட்டு வந்து போனதும் பையன் குதிரையை எடுத்துக்கொண்டு மடேலியாவுக்கு விரட்டினான். வழியில் குதிரை சேற்றில் விழுந்தது. உடம்பெல்லாம் சேறாக வந்து நின்ற பையனை யாரும் முதலில் பொருட்படுத்தவில்லை. விடுதி நடத்திய தாமஸ் வாட் அவனை ஏற்கெனவே அறிந்தவர், அவர்தான் நம்பினார்.

ஷெரிஃப் கிளிஸ்பின், போரில் கேப்டனாக இருந்த மர்ஃபி, வாட் உட்பட ஏழு பேர் வாட்டன்வான் ஆற்றங்கரைப் புதருக்குள் வரிசையாக நடந்து இறங்கினார்கள். மற்றவர்கள் வெளியே சுற்றி நின்றார்கள். சில அடி தூரத்தில் மோதல். பிட்ஸ் இறந்தான். மர்ஃபியின்மேல் பாய்ந்த குண்டு அவர் சட்டைப் பையில் இருந்த புகைக்குழாயில் பட்டு நின்றது. கோல் யங்கரின் உடம்பில் பதினொரு காயம். ஜிம்முக்குத் தாடை சிதைந்திருந்தது. எஞ்சி நின்ற பாப் கையைத் தூக்கிச் சரணடைந்தான்.

பிடிபட்டவர்களை மடேலியாவில் வாட்டின் விடுதியில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். ஊர்ப் பெண்கள் பூ கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் இந்தக் கதையில் ஊரார் எல்லாரும் எல்லா நேரமும் தேவர்களாக இருந்ததாக நான் சொல்லவில்லை. நார்த்ஃபீல்டில் இறந்த இருவரின் சடலங்களையும் நிறுத்திப் புகைப்படம் எடுத்து விற்றார்கள். வீலர் அந்த உடல்களைப் பீப்பாய்களில் அடைத்து, தான் படித்த மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு அறுத்துப் படிக்க அனுப்ப ஏற்பாடு செய்தார். அந்தக் காலத்தில் மருத்துவ மாணவர்களுக்கு உடல் கிடைப்பது அரிது என்பது உண்மைதான். இருந்தாலும் அதைப் படிக்கும்போது மனம் கூசுகிறது.

ஃபாரிபோவில் நடந்த விசாரணையில் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அன்றைய மினசோட்டாச் சட்டப்படி ஜூரி தீர்ப்பளித்தால்தான் தூக்கு. ஒப்புக்கொண்டால் ஆயுள். ஸ்டில்வாட்டர் சிறைக்குப் போனார்கள். 1887இல் அங்கே கைதிகள் பத்திரிகை ஒன்று தொடங்க யங்கர்கள் துணைநின்றார்கள். பாப் 1889இல் காசநோயால் சிறையிலேயே இறந்தான். மற்ற இருவரும் 1901இல் பரோலில் வந்து கல்லறைக் கல் விற்கும் வேலை பார்த்தார்கள். ஜிம் அடுத்த ஆண்டே தற்கொலை செய்துகொண்டான். ஜெஸ்ஸியை 1882 ஏப்ரலில் சொந்தக் கூட்டத்து ராபர்ட் ஃபோர்டே முதுகுப்புறம் நின்று சுட்டுக் கொன்றான். கோல் யங்கரும் ஃபிராங்க் ஜேம்ஸும் 1903இல் ஒரு கௌபாய் சர்க்கஸ் கம்பெனிக்குத் தங்கள் பெயரைக் கொடுத்து ஊர் ஊராகச் சுற்றினார்கள். மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். பிறகு வந்த சினிமாவுக்கு வழி அங்கேயே போட்டாகிவிட்டது. நார்த்ஃபீல்டைக் காட்டும் படங்களிலும் கேமரா குதிரைகளோடு வந்து, குதிரைகளோடு போய்விடுகிறது. ஹேவுட்டுக்குக் கிடைப்பது சில நிமிடம்.

ஊர் மட்டும் மறக்கவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த பல வங்கிகள் ஹேவுட் குடும்பத்துக்காக நிதி அனுப்பின. ஸ்க்ரைவர் கட்டடத்தில் அந்த வங்கி அறையை அன்றிருந்தபடி திருத்தி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் அதே டிவிஷன் தெருவில் அந்த ஏழு நிமிடத்தை நடித்துக் காட்டுகிறார்கள். விழாவின் பெயர், ஜெஸ்ஸி ஜேம்ஸ் தோற்ற நாட்கள்.

வீலர் டாக்டராகி கிராண்ட் ஃபோர்க்ஸில் தொழில் நடத்தினார். மேனிங் இரும்புக்கடைக்குத் திரும்பினார். சோர்பெல் பையன் வளர்ந்து, தெற்கு டகோட்டாவின் வெப்ஸ்டர் ஊரில் போய்க் குடியேறினான். கூட்டத்தில் தப்பியவர்கள் பழிவாங்க வரக்கூடும் என்ற நினைப்பில், மடேலியாவுக்குக் குதிரை விரட்டியது தான்தான் என்பதை நீண்ட காலம் வெளியே சொல்லவில்லை. வெப்ஸ்டர்க்காரர்களுக்கு அவர் மாட்டு வைத்தியர்.